பன்னிரண்டு கிராம்

வருத்தம் வந்த பின்ச் குருவி அதை வெளியில் காட்டாது. மாடு தீன் எடுக்காமல் நிற்கும். நாய் வாசற்படியில் சுருண்டு கிடக்கும். கோழிகூடச் செட்டையைத் தொங்கவிட்டு மூலைக்குப் போகும். பின்ச் மட்டும், கூட்டடிக்கு ஆள் வந்ததும் இறகை ஒடுக்கி, கண்ணை விரித்து, தடியில் நிமிர்ந்துகொள்ளும். ஆள் விலகியதும் திரும்ப உப்பிக் கண்ணை மூடும். கூட்டமாகத் திரியும் சிறு பறவைகளில் சோர்ந்து தெரிவதைத்தான் வல்லூறு முதலில் குறிவைக்கும். பல தலைமுறையாகக் கூட்டுக்குள்ளேயே பொரித்து வளர்ந்த குருவிக்கும் அந்தப் பயம் போகவில்லை.

அதனால் அதன் சுகத்தை அறிய விரும்பினால் அதற்குத் தெரியாமல் பார்க்கவேண்டும். நான் பார்ப்பது விடியற்காலையில், யன்னல் சீலைக்கு இந்தப் பக்கம் நின்று, தேத்தண்ணியோடு. வெளிச்சம் வந்த கையோடு சுகமான குருவி கீழே இறங்கித் தினையைக் கொத்தத் தொடங்கிவிடும். இரவு முழுதும் வெறும் வயிறு. அத்தனை சிறிய உடலில் சேமிப்பென்று பெரிதாக ஒன்றும் இல்லை. எது இறங்கவில்லை என்று பார்க்கிறேன். எது ஒற்றைக் காலில் உறங்குகிறது, எது இரண்டு காலையும் ஊன்றி உப்பியிருக்கிறது என்று பார்க்கிறேன். பிறகு வால். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால், மூச்செடுப்பதே அதற்கு வேலையாகிவிட்டது என்று பொருள்.

ஸீப்ரா பின்ச்சில் ஆண்தான் பாடும். தகப்பனிடம் கேட்டுப் பழகிய பாட்டு. பழகி முடிந்தால் ஆயுள் முழுதும் அதே பாட்டு. அது நின்ற அன்றைக்கு நான் வீட்டைவிட்டு அதிக தூரம் போவதில்லை.

*

எங்கள் ஒழுங்கையில் லவ்பேட்ஸ் வளர்க்கிற வீடுகள்தான் கூட. அதற்கடுத்தது ஸீப்ரா பின்ச். சிவந்த சொண்டு, ஆணின் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, வாலடியில் கறுப்பும் வெள்ளையுமாய் வரி. வளர்ந்த குருவி 12 கிராம் அளவில் இருக்கும், சிலது கொஞ்சம் கூட. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு அதன் ஊர். காய்ந்த புல்விதையைத் தின்று, தண்ணீர் இல்லாமலே நெடுநாள் தாக்குப்பிடிக்கக்கூடியது. கிளிநொச்சியில், எங்கள் கரைச்சிப் பக்கத்துச் சித்திரை வெயில் அதற்குப் புதிதல்ல. மார்கழி ஈரம்தான் புதிது.

உலகத்து ஆய்வுகூடங்களில் இதைப் போல ஆராயப்பட்ட பாடும் பறவை வேறில்லை. பிள்ளை பேசப் பழகும் விதத்தை விளங்கிக்கொள்ள, குஞ்சு பாடப் பழகும் விதத்தைப் படிக்கிறார்கள். மரபணுத் தொகுதி முழுதாக வாசிக்கப்பட்ட பறவைகளில் கோழிக்கு அடுத்தது இது, 2010இல். இவ்வளவு அறியப்பட்ட உயிர், கண்டி வீதிக் கடையில் ஓட்டை போட்ட காட்போட் பெட்டிக்குள் வைத்து விற்கப்படும்போது, அதற்கு வருத்தம் வந்தால் என்ன செய்வதென்று ஒரு வரிகூட அதனோடு வருவதில்லை.

வெள்ளையும் கபிலமும் கலந்த பெங்காலி பின்ச் என்று ஒன்றும் வருகிறது. காட்டில் அப்படியொரு பறவை கிடையாது. எங்கள் தீவிலும் வாழ்கிற வெண்முதுகுச் சில்லையின் இனத்தைச் சீனாவிலிருந்து யப்பானுக்குக் கொண்டுபோய், ஏறத்தாழ 250 ஆண்டுகளாகக் கூட்டில் வளர்த்து உருவாக்கிய பறவை அது. எவருடைய முட்டையை வைத்தாலும் அடைகாக்கும். அதனால் விலைகூடிய கூல்டியன் பின்ச்சின் முட்டைகளை அதனடியில் வைப்பார்கள். அங்கேதான் பிசகு. கொக்லோசோமா என்ற குடல் ஒட்டுண்ணியைப் பெங்காலி பின்ச் தான் நோய்ப்படாமலே காவித் திரியும். ஊட்டும்போது அது குஞ்சுகளுக்குப் போய்விடும். குஞ்சுகள் சாகும். வளர்த்தவளுக்கு ஒன்றும் ஆகாது. சுகமாகத் தெரிகிற குருவி சுகமான குருவிதான் என்று நம்பவும் முடியாமல் போகிறது.

*

2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் உட்பட வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. வயல்வெளியிலும் வீதியோரத்திலும் விடியக் காலை மாடுகள் கிடந்ததைக் கண்ட சனம் முதலில் தொற்றுநோய் என்றுதான் பயந்தது. குளிரும் மழையும் காற்றும் சேர்ந்து செய்தது அது.

அந்தக் கிழமையிலிருந்து குளிரைப் பற்றிய என் பயம் இன்னும் கூடிவிட்டது. இருநூறு கிலோ உடம்பை ஓர் இரவு வாடைக்காற்று விழுத்தும் என்றால் 12 கிராம் உடம்பு எம்மாத்திரம்? பறவையின் உடல்வெப்பம் 40 பாகைக்கு மேல். உடல் சிறுக்கச் சிறுக்க, அதன் எடைக்கு மேற்பரப்புக் கூடும். வெப்பம் அதற்கேற்ற வேகத்தில் வெளியே போகும். போனதை ஈடுசெய்யத் தின்னவேண்டும். நோய்ப்பட்ட குருவி தின்னாது. தின்னாததால் குளிரும், குளிர்வதால் இன்னும் சோர்ந்து, இன்னும் தின்னாது. கூட்டின் அடியில் விடியக் கிடக்கிற குருவிகள் அநேகம் நோயின் கையால் செத்தவை அல்ல. நோய் தொடங்கிய வேலையை இரவு முடித்துவிடுகிறது.

ஆகவே உப்பிய குருவியைக் கண்டால் பெயர் தேடுவது பிறகு, சூடு முதலில். இதைத்தான் கேட்டு வருகிற எல்லாருக்கும் சொல்கிறேன். மரப்பெட்டியோ காட்போட் பெட்டியோ ஒன்று. ஒரு பக்கத்தில் மட்டும், குருவி எட்டாதபடி மறைத்து, 40 வாட் குண்டுப் பல்ப். பல்ப் இருக்கிற பக்கம் 30 பாகை அளவில் இருந்தால் போதும். மற்றப் பாதி சூடில்லாமல் இருக்கவேண்டும், குருவி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தெரிந்தெடுக்க. தடியைத் தரையோடு தாழ்த்தவேண்டும். தினையைத் தட்டில் வைக்காமல் கீழேயே தூவவேண்டும், எழுந்து போய்த் தின்ன அதற்குப் பெலன் இராது. வாயைத் திறந்து, செட்டையை உடம்பிலிருந்து அகற்றிப் பிடித்தால் சூடு கூடிவிட்டது, பல்பைத் தள்ளிவைக்கவேண்டும்.

குண்டுப் பல்ப் இப்போது கடைகளில் அருமை. எல்ஈடி பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. வாங்கக் கிடைத்தால் ஒன்றிரண்டை எடுத்து வைத்திருப்பது நல்லது.

கறண்ட் போனால்? 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். ஆறியதும் மாற்றவேண்டும், இரவில் எழும்பத்தான் வேண்டும். அந்த நேரத்தில் எழும்பிக் குசினியில் தண்ணீர் கொதிக்கும்வரை நிற்கும்போது மனம் ஒன்றையும் யோசிப்பதில்லை. கேத்திலின் சத்தம், தூரத்தில் ஏ9இல் போகிற லொறி, வேறொன்றும் இல்லை. சிலர் இதற்காகத்தான் கோயிலுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

*

ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பொடியன் ஒரு பின்னேரம் கூட்டோடு வந்தான்.

"ரீச்சர், இது மூச்சு விடேக்க டிக் டிக் எண்டு சத்தம் வருது. உங்களிட்டக் காட்டச் சொல்லி அம்மா சொன்னவ."

"பாடுறதோ?"

"முந்திப் பாடினது. ஒரு கிழமையா இல்லை."

கூட்டை இருட்டு அறைக்குள் வைத்துவிட்டுக் கதவடியில் இருவரும் பேசாமல் நின்றோம். கேட்டது. மிகச் சன்னமான சொடுக்கு, மூச்சுக்கு மூச்சு. குரல் போவது, சொடுக்குச் சத்தம், வாய் திறந்த மூச்சு, வால் ஆட்டம் ஆகிய நான்கும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது மூச்சுக்குழாய்ச் சிற்றுண்ணியை. ஸ்ரேனோஸ்ரோமா என்பது அதன் அறிவியற்பெயரின் முற்பாதி. மூச்சுக்குழாயிலும் காற்றுப்பைகளிலும் குடியிருந்து இரத்தம் குடிக்கும். வட ஆஸ்திரேலியாவில் காட்டுக் கூல்டியன் பின்ச்சுகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்.

பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. குருவியைப் பிடித்து, கழுத்தின் முன்பக்கத்து இறகைத் தண்ணீரால் நனைத்து ஒதுக்கி, இருட்டில் பின்னாலிருந்து ரோச் வெளிச்சத்தைக் கழுத்தினூடே விடவேண்டும். தோல் அவ்வளவு மெல்லியது, மூச்சுக்குழாய் ஒரு வெளிர் கோடாகத் தெரியும். அதற்குள் கறுப்புப் புள்ளிகள் இருந்தால், அவை அசைந்தால், அதுதான். ஒன்றும் தெரியாவிட்டால் இல்லையென்று முடிவுகட்டக்கூடாது. ஆழத்தில், காற்றுப்பைகளில் இருக்கலாம்.

பிடிக்கும் விதமும் முக்கியம். பறவைக்கு எங்களைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பை முன்னும் பின்னும் அசைத்தே மூச்செடுக்கும். நெஞ்சை அழுத்திப் பிடித்தால் மூக்குத் திறந்திருந்தும் மூச்சுமுட்டிச் சாகும். முதுகு உள்ளங்கையில், கழுத்து இரு விரல்களுக்கு நடுவே, நெஞ்சு காற்றில். பொடியன் பிடித்தான், நான் ரோச் அடித்தேன். புள்ளிகள் இருந்தன. அவன் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

மருந்து இருக்கிறது. ஐவர்மெக்ரின். யப்பானில் மண்ணிலிருந்து சத்தோஷி ஒமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. அவருக்கும் வில்லியம் கம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு ஆற்றுக்குருட்டு நோய்க்கும் யானைக்கால் நோய்க்கும், மாட்டுக்குப் புழுவுக்கும் உண்ணிக்கும். வன்னியில் மாடு வளர்ப்பவர்கள் அந்தப் போத்தலை நன்றாக அறிவார்கள். "அதில ஒரு துளி விட்டாச் சரிதானே ரீச்சர்" என்று அவன் கேட்டான். எல்லாரும் கேட்கிற கேள்வி.

கணக்குப் பார்க்கலாம். மாட்டுக்குப் போடும் ஊசிமருந்து நூற்றுக்கு ஒன்று வலிமை: 1 மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். அதற்குள் 500 மைக்ரோகிராம் மருந்து. குருவிக்கு வழக்கமாகக் கணக்கிடும் அளவு ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம். 12 கிராமுக்கு 2.4 மைக்ரோகிராம். அந்த ஒரு துளியில் இருநூறு குருவிகளுக்கான மருந்து இருக்கிறது.

சரி, தண்ணீரில் கலந்து ஐதாக்கலாமே என்றால், அது தண்ணீரோடு ஒழுங்காகக் கரையாத மருந்து. மேலே ஒரு வலிமை, கீழே ஒரு வலிமையாக நிற்கும். அதற்கேற்ற கரைப்பானில், அளந்து, கால்நடை வைத்தியர்தான் ஐதாக்கித் தரவேண்டும். பிடரியில் இறகை ஒதுக்கி, தோலில் வைப்பது, ஊசியாகப் போடுவதில்லை. ஒருமுறை போதாது, கிழமைக் கணக்கில் திரும்ப வைக்கவேண்டும். உண்ணிகள் செத்து மூச்சுக்குழாயை அடைத்தால் முதல் நாட்களில் குருவி இன்னும் மோசமாகலாம் என்றும் அறிந்திருக்கவேண்டும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது குளிசையைப் பாதியாக்கி, காலாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஊர் இது. அளவு என்றால் என்னவென்று எங்கள் தாய்மாருக்குத் தெரியும். இருநூறில் ஒன்றாக வெட்டுவதற்குத்தான் எவரிடமும் கத்தி இல்லை.

பொடியனின் குருவி பிழைத்தது. சொடுக்குச் சத்தம் நின்றது. பாட்டு முழுதாகத் திரும்பவில்லை. முன்பகுதியைப் பாடி, நிறுத்தி, திரும்ப முன்பகுதியையே பாடுகிறது.

*

எச்சத்தைப் படிக்கப் பழகவேண்டும். கூட்டின் அடியில் வெள்ளைத் தாளை விரித்தால் ஒரு நாளின் கணக்கு முழுதும் அதில் விழுந்திருக்கும். சுகமான எச்சத்தில் மூன்று பங்கு: கரும்பச்சையோ கபிலமோ ஆன கட்டி, மேலே வெள்ளை யூரேற்று, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். கட்டி குழைந்து, வெள்ளை மஞ்சளாகி, பின்புறத்து இறகில் ஒட்டினால் கோளாறு. முழுத் தினை அப்படியே வந்திருந்தால் இரைப்பையில் பிரச்சினை. மக்ரோராப்டஸ் என்ற பூஞ்சை இரைப்பையின் இடுக்கில் குடியேறினால் அப்படி ஆகும். முன்பு அதைப் பக்ரீரியா என்று நினைத்துப் பெரும்பக்ரீரியா என்று பெயரும் வைத்திருந்தார்கள். பூஞ்சை என்று உறுதியானது இந்த நூற்றாண்டில்தான். அதற்குப் பக்ரீரியா மருந்தை ஊற்றிப் பயனில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விவரம் கொக்சீடியாவைப் பற்றியது. சிறு பறவைகளின் குடலில் வாழும் ஐசோஸ்போரா என்ற அந்த ஒட்டுண்ணி, தன் விதைகளை நாள் முழுதும் ஒரே அளவில் வெளியே அனுப்புவதில்லை. காலையில் மிகக் குறைவு. பொழுது சாயும் பின்னேரத்தில்தான் கூடுதலாக வெளியேறும். காலையில் எச்சத்தை அள்ளிக்கொண்டு போய் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒன்றும் இல்லை என்று வரலாம். அதே குருவியின் பின்னேர எச்சம் வேறு கதை சொல்லும். இருட்டுக்கு முன் ஈரமண்ணில் விழும் விதைக்கு மறுநாள் வெயில்வரை நேரம் கிடைக்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வெயிலுக்கு ஒதுங்கி வேலை செய்கிறது. தோட்டக்காரரும் அந்த நேரத்தில்தான் மண்வெட்டியை எடுக்கிறார்.

மாதிரி எடுப்பவர் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுக்கட்டும்.

தராசும் வேண்டும். நகைக்கடைக்காரர் பாவிக்கிற வகைச் சிறு மின்தராசு போதும். சிறு பெட்டிக்குள் குருவியை விட்டு நிறுத்து, பெட்டியைக் கழித்துவிட வேண்டும். 12 கிராம் 11 ஆனால் எங்களுக்கு ஒரு கிராம். அறுபது கிலோ ஆளுக்கு அது ஐந்து கிலோ. நெஞ்செலும்பின் விளிம்பு விரலில் கூராகப் படுவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். இரத்தம் எடுத்துச் சோதிக்கலாமே என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். குருவியின் மொத்த இரத்தமே 1.2 மில்லிலீற்றர் அளவு. அதில் ஆபத்தில்லாமல் எடுக்கக்கூடியது இரண்டு மூன்று துளி.

*

பாமசியில் வாங்கிய அன்ரிபயோட்டிக் கப்சூலைப் பிரித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் கொட்டுவது எங்கும் உள்ள வழக்கம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. உண்ணிக்கும் கொக்சீடியாவுக்கும் பூஞ்சைக்கும் அது மருந்தே அல்ல. பக்ரீரியா நோய் என்றே வைத்துக்கொண்டாலும், நோய்ப்பட்ட குருவி குடிப்பது குறைவு, கசந்தால் இன்னும் குறைவு. தண்ணீரே இல்லாமல் நாட்களைக் கடத்தக்கூடிய பாலைவனப் பறவையிடம் தண்ணீர் வழியாக மருந்து கொடுப்பதில் உள்ள முரண்பாட்டை நினைத்துப்பாருங்கள். இன்னுமொன்று: டொக்சிசைக்கிளின் போன்ற மருந்துகள் கல்சியத்தோடு சேர்ந்தால் கட்டுப்பட்டு உடம்பில் சேராமல் போய்விடும். கூட்டில் கணவாய் ஓடு தொங்கும். தண்ணீரோ, கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற கிணற்றுத் தண்ணீர். கொடுத்தவர் மருந்து கொடுத்தேன் என்பார். குருவிக்குக் கிடைத்தது என்னவென்று எவருக்கும் தெரியாது.

மஞ்சள், வேப்பிலை வைத்தியங்களில் பெரிய கெடுதி இல்லை. அவற்றை நம்பி இழக்கிற இரண்டு நாள்தான் கெடுதி.

கணவாய் ஓடு என்றதும் ஞாபகம்: முட்டையிடும் காலத்தில் அதை ஒருநாளும் எடுத்துவிடாதீர்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கிவந்து, உப்புப்போக ஊறவைத்து, வெயிலில் காயவைத்தால் போதும். கல்சியம் குறைந்த பெட்டை முட்டையைத் தள்ளமுடியாமல் அடிவயிறு வீங்கித் தரையில் இருக்கும். அதற்கும் முதல் வைத்தியம் சூடும் கொஞ்சம் ஈரப்பதனும்தான். அழுத்தி எடுக்க முயன்றால் முட்டை உள்ளே உடையும்.

*

பறவையின் சுவாசப்பைக்குள் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. காற்றுப்பைகள் துருத்தியாய் நின்று தள்ளுகின்றன. எங்களைவிடத் திறமாகக் காற்றை எடுக்கும் உடம்பு அது, ஆகையால் நஞ்சையும் திறமாக எடுக்கும். பின்ச்சின் உறவான கனேரிக் குருவியை, நச்சுவாயுவை அறிய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகலாம் என்று உடலியலாளர் ஜோன் ஸ்கொற் ஹோல்டேன் சொன்னது 1890களில். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரைக்கும் குருவிகள் அந்த வேலையில் இருந்தன.

எங்கள் வீடுகளில் நுளம்புத்திரி எரிகிறது. கூட்டுக்கு அடியில்கூட எரிகிறது, குருவிக்கு நுளம்பு கடிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில். நுளம்பு பறவை அம்மையைப் பரப்பும், அது உண்மை. அம்மை வந்தால் கண்ணையும் சொண்டையும் சுற்றிப் பொருக்கு எழும், மருந்து கிடையாது. அதற்கு வழி வலை. பழைய நுளம்புவலைத் துண்டு ஒன்றைக் கூட்டின் மேல் போர்த்தினால் முடிந்தது. வேப்பிலைப் புகையும் புகைதான். விறகடுப்புக் குசினிக்குப் பக்கத்தில் கூட்டை மாட்டுவதும் அப்படியே.

*

தை, மாசியில் காலபோக வெட்டுத் தொடங்கினால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களில் நெல்லுக்குருவிகள் வந்திறங்கும். ஒரு கூட்டம் எழும்பும்போது அடுத்த வரம்பில் நிற்கிறவருக்கும் செட்டைச் சத்தம் கேட்கும். தகரம் தட்டுகிறவர்கள் தட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் வலை வைத்து ஒன்றிரண்டைப் பிடித்து, கடையில் வாங்கிய ஸீப்ராக் கூட்டுக்குள் விடுவார்கள்; இரண்டும் தினை தின்னும் குருவிகள்தானே, உறவுதானே.

உறவுதான். அதனால்தான் ஒன்றின் கொக்சீடியாவும் உண்ணியும் மற்றதற்கும் போகக்கூடும். நாட்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. அதை நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆனால் அவர்கள் காதில் ஏறுவது இரண்டாவதாகச் சொல்வதுதான்: வயலில் பிறந்த குருவி கூட்டுக்குள் தீனெடுக்காமல் கம்பியில் மோதி மோதிச் சாகும், சாகுமுன் தன்னிடம் உள்ளதை மற்றவைக்குக் கொடுத்துவிட்டுப் போகும். கடையில் வாங்கிய குருவியைக்கூட ஒரு மாதம் வேறு அறையில், வேறு கிண்ணத்தில் வைத்துப் பார்த்துவிட்டே சேர்க்கவேண்டும். பொறுக்கமுடியாமல் முதல் நாளே சேர்த்துவிடுகிறார்கள். தனியாக இருந்தால் அது பாவம் என்கிறார்கள்.

*

கிளிநொச்சியின் கால்நடை வைத்தியர்களை நான் குறை சொல்லமாட்டேன். மாடும் ஆடும் கோழியும்தான் இந்த மாவட்டத்தின் சீவியம். அவற்றுக்கே ஆள் காணாது. நாட்டில் கால்நடை மருத்துவபீடம் பேராதனையில் மட்டும்தான் உண்டு, இங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர். கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகமும் அதே பக்கம். இங்கே அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கிறது, அங்கிருந்து வெளிவரும் பிள்ளைகளுக்குக் கோழி நோய் தெரியும். பின்ச்சைக் கொண்டுபோனால் முதலில் சிரிப்பார்கள், பிறகு கையில் வாங்கிப் பார்ப்பார்கள்.

பார்ப்பதற்கு ஏதாவது கொண்டுபோகவேண்டும். இறந்த குருவியை அன்றே வேலியோரம் தாட்டுவிடுவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் பூவும் வைப்பார்கள். அத்தோடு அந்தக் கூட்டில் என்ன நடந்தது என்பதும் மண்ணுக்குள் போய்விடுகிறது. உயிரோடு இருக்கும்போது இரண்டு மூன்று துளிக்கு மேல் இரத்தம் எடுக்கமுடியாத உடம்பு, இறந்த பிறகுதான் திறந்து காட்டும். மிச்சக் குருவிகளுக்கு எந்த மருந்து, எவ்வளவு, மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரியவரும்.

ஆகவே இதை வாசிக்கிறவர் ஒன்று செய்யுங்கள். இறந்த குருவியைக் கண்டதும் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்தால் இறகு ஒட்டி உடம்பு கெதியில் ஆறும். பொலித்தீன் பை இரண்டில் சுற்றி, பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே உறையவைக்கும் பெட்டியில் வைக்கவேண்டாம், உறைந்தால் இழையங்கள் பழுதாகி ஒழுங்காகப் பார்க்கமுடியாமல் போகும். கையைக் கழுவுங்கள். எப்போது இறந்தது, கடைசிக் கிழமை என்ன தின்றது, என்ன மருந்து கொடுத்தீர்கள், கூட்டில் இன்னும் எத்தனை உண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். விடிந்ததும் இரண்டையும் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள்.